கராத்தே கற்கும் பிள்ளையைப் போட்டிக்கு அனுப்புவதால் என்ன கிடைக்கும்?

கேள்வியின் சாரம் இது. பதினொரு வயது மகள் மூன்று ஆண்டுகளாகக் கராத்தே கற்கிறாள். மாவட்ட அளவிலான போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொல்கிறார் மாஸ்டர். "தற்காப்புக்காகத்தானே சேர்த்தோம், பதக்கத்துக்காகவா?" என்று வீட்டிலுள்ள தாத்தா மறுக்கிறார். சான்றிதழைத் தவிர வேறு பயன் ஏதும் உண்டா, எதிராளி இல்லாமல் வகுத்த அசைவுத் தொடரைத் தனியாகச் செய்துகாட்டும், அடிதடி இல்லாத கட்டா பிரிவில் மட்டும் கலந்துகொண்டால் போதாதா என்று தாயார் கேட்டிருக்கிறார்.

பயன் உண்டு. எத்தனை ஆண்டு பயிற்சி செய்தாலும் சொந்தக் கூடத்துக்குள் தெரியவராத குறைகளைப் போட்டி ஒரே காலைப்பொழுதில் வெளியே கொண்டுவந்துவிடும். என் கணக்கில் முதல் பயன் அதுதான். மற்றவை எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை. ஆனால் வெளிப்பட்ட குறையை அடுத்த சில வாரங்களில் மாஸ்டரும் மாணவியும் சேர்ந்து சரிசெய்தால்தான் அந்தப் பயன் கைக்கு வரும். போட்டி முடிந்த மறுநாளே எல்லாவற்றையும் மறந்துவிட்டு வழக்கமான பாடத்துக்குத் திரும்பும் கூடமாக இருந்தால், செலவழித்த நுழைவுக்கட்டணத்துக்குக் கைம்மாறாக ஒரு புகைப்படம்தான் மிஞ்சும்.

பயிற்சிக்கூடத்தில் உங்கள் மகளுக்கு எதிரே நிற்பவர்கள் யார் என்பதிலிருந்து தொடங்குவோம். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், அதே நான்கைந்து பிள்ளைகளோடுதான் அவள் குமிதே எனப்படும் இணைச் சண்டைப் பயிற்சியைச் செய்துகொண்டிருப்பாள். யார் எந்தக் காலை முதலில் தூக்குவார், யார் பாய்வதற்கு முன் தோளை உயர்த்துவார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடமாகியிருக்கும். அவளுடைய பழக்கங்களும் அவர்களுக்கு அப்படியே தெரிந்திருக்கும். இப்படி நெடுநாள் பழகியவர்கள், தாங்கள் அறியாமலேயே, ஒருவருக்கொருவர் ஒத்துப்போகத் தொடங்கிவிடுகிறார்கள். அடி வரும் என்று தெரிந்த திசையில் தடுப்பு முன்கூட்டியே போய் நிற்கிறது. தடுக்கப்படும் என்று தெரிந்த குத்து பாதி வலுவோடுதான் நீள்கிறது. பார்ப்பவருக்கு இருவருமே தேர்ந்தவர்களாகத் தெரிவார்கள். மாஸ்டருக்கும் அப்படித் தெரிய வாய்ப்புண்டு, ஏனென்றால் அவரும் அதே பிள்ளைகளைத்தான் ஆண்டு முழுதும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

போட்டியில் எதிரே வருபவள் வேறு ஊரைச் சேர்ந்தவள், வேறு மாஸ்டரிடம் கற்றவள். அவள் வலது காலை முன்வைத்து நிற்கலாம். கால் சற்று நீளமாக இருக்கலாம். உங்கள் மகளின் கூடத்தில் யாருமே செய்யாத ஓர் உதையை அவள் முதல் உதையாகவே உதைக்கலாம். எடுத்துக்காட்டாக, பின்வாங்கும்போதெல்லாம் முன்கையை இடுப்பு வரை இறக்கிவிடும் பழக்கம் பல மாணவர்களிடம் இருக்கிறது. பின்வாங்குபவரைத் துரத்திச் சென்று தாக்கும் வழக்கம் அவர்கள் கூடத்தில் எவருக்கும் இல்லாவிட்டால், அந்தக் கை இறங்குவதால் ஒருவருக்கும் ஒரு நட்டமும் ஏற்படுவதில்லை. மாஸ்டர் "கையைத் தூக்கு" என்று நூறு முறை சொன்னாலும் அது காதில் விழுந்து போய்விடும். போட்டியில் முதல் இருபது வினாடிக்குள் அதே இடைவெளி வழியாகக் கியாகு சுகி எனப்படும் பின்கைக் குத்து ஒன்று வந்து மார்பில் பதியும். நடுவர்கள் கொடி உயர்த்துவார்கள், பலகையில் எதிராளிக்கு ஒரு புள்ளி ஏறும். இரண்டாம் முறையும் அதே இடத்தில் அதே குத்து வரும். அதன் பிறகு "கையைத் தூக்கு" என்று அவளுக்கு எவரும் சொல்ல வேண்டியிருக்காது.

இதற்காகவே போட்டியைப் பக்கவாட்டிலிருந்து கைப்பேசியில் பதிவுசெய்யுங்கள் என்று பெற்றோரிடம் சொல்வது என் வழக்கம். பிள்ளையின் முகத்தை அருகில் காட்டும் பதிவு ஆசைக்கு எடுப்பது. அதில் இருவருக்கும் இடையிலான தூரம் தெரியாது. இருவரின் கால்களும் தெரியும்படி, அசைக்காமல், முழு ஆட்டத்தையும் எடுங்கள். எந்தத் தூரத்தில் நின்றபோது புள்ளி போனது, நடுவர் "யமே" என்று நிறுத்தியபின் அவள் கவனம் எங்கே போயிற்று, முன்னிலையில் இருந்தபோது ஆட்டம் எப்படி மாறியது என்று மாஸ்டர் அவளோடு உட்கார்ந்து பார்த்தால், அடுத்த இரண்டு மாதப் பயிற்சிக்கான பாடத்திட்டம் அதிலேயே இருக்கும்.

தாத்தாவின் மறுப்பைத் தள்ளிவிட வேண்டாம். அது மதிப்பிற்குரிய ஒரு மரபு. ஒக்கினாவாவிலிருந்து கராத்தேயை ஜப்பானின் பிற பகுதிகளுக்குக் கொண்டுசென்று பரப்பியவர்களில் முதன்மையானவரான ஃபுனகோஷி கிச்சினே போட்டிச் சண்டையை விரும்பவில்லை. கட்டாவும் ஒழுக்கமும்தான் கலையின் உயிர் என்று கருதியவர் அவர். 1957 ஏப்ரலில் அவர் மறைந்தார். ஜப்பான் கராத்தே சங்கத்தின் முதல் அனைத்து ஜப்பான் போட்டி நடந்ததும் அதே ஆண்டில்தான். ஆசிரியர் மறைந்த ஆண்டிலேயே மாணவர்கள் அவர் விரும்பாததைத் தொடங்கிவிட்டார்கள் என்று இதைக் குறையாகச் சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

போட்டி வேண்டும் என்பவர்களின் வாதம் ஜூடோவிலிருந்து வருகிறது. 1882இல் டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் பன்னிரண்டு தத்தாமிப் பாய்கள் விரித்த ஒரு சிறிய இடத்தில் ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ தம் கோடோகான் பள்ளியைத் தொடங்கினார். ஜுஜுத்சு எனப்படும் பழைய ஜப்பானியத் தற்காப்புக் கலைப் பள்ளிகள் பலவற்றில் கண்ணைக் குத்துவது, விரலை ஒடிப்பது போன்ற கொடிய உத்திகள் இருந்தன. அவற்றை உண்மையான வலுவோடு தோழன்மீது பயில முடியாது என்பதால் ஒத்திகையாகவே பயின்றார்கள். கானோ அவற்றைத் தனியே வடிவப் பயிற்சிக்கு ஒதுக்கிவிட்டு, எஞ்சிய எறிதல்களையும் பிடிகளையும் எதிர்ப்புக் காட்டும் ஆள்மீது முழு வலுவோடு பயில வைத்தார். முரண்போலத் தோன்றினாலும், ஆபத்தான உத்திகளை விலக்கியதால்தான் அவருடைய மாணவர்கள் அதிகத் திறன் பெற்றார்கள். 1884 முதலே கோடோகானில் சிவப்பு அணி, வெள்ளை அணி என்று பிரிந்து மோதும் போட்டி நடந்துவருகிறது. வென்றவர் களத்திலேயே நின்று அடுத்தவரைச் சந்திக்க வேண்டும். வரிசையாகப் பலரை வீழ்த்துபவருக்கு அங்கேயே தரநிலை உயர்வு கிடைக்கும். கானோவும் ஒழுக்கத்தைப் பற்றி ஃபுனகோஷிக்குக் குறையாமல் பேசியவர்தான் என்பதைத் தாத்தாவிடம் சொல்லலாம். இருவருமே பெரியவர்கள், திறனை எப்படிச் சோதிப்பது என்ற இடத்தில்தான் பிரிகிறார்கள். அந்த இடத்தில் நான் கானோவின் பக்கம்.

அடுத்தது அச்சம். தற்காப்பு என்று பேசுவோர் பெரும்பாலும் உத்திகளைப் பற்றியே பேசுகிறார்கள். நெஞ்சு படபடக்கும்போது அந்த உத்திகளில் எவை மிஞ்சும் என்று பேசுவதில்லை. பெயர் கூப்பிடும் வரிசையில் சிவப்பு அல்லது நீலக் கையுறையோடு உட்கார்ந்திருக்கும் சிறுமியின் உள்ளங்கையைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்றிருக்கும். வாய் வறண்டிருக்கும், தண்ணீர் குடிக்கச் சொன்னால் வேண்டாம் என்பாள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பாள். களத்தில் இறங்கியதும் அவள் கற்ற இருபது உத்திகளில் இரண்டுதான் வெளியே வரும். கிளர்ச்சி ஓரளவு வரை உயர்ந்தால் செயல்திறன் கூடும், அதற்கு மேல் போனால் குறையும், அதிலும் கடினமான செயல்கள் விரைவில் குலையும் என்பதை 1908இல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இரு அறிஞர்கள் எலிகளை வைத்துக் காட்டினார்கள். போட்டிக்களத்தின் ஓரம் ஒரு மணி நேரம் நின்றாலே இதைக் கண்ணால் காணலாம். மூன்று உதைகளை அடுக்கிச் செய்யும் சிக்கலான தொடர் முதலில் மறந்துபோகும்; ஆயிரம் முறை செய்த எளிய குத்து கடைசி வரை நிற்கும்.

முதல் போட்டியில் இந்த அச்சம் வெல்லும். நான்காவது ஐந்தாவது போட்டிக்குள் பெரும்பாலான பிள்ளைகள் அச்சத்தோடேயே செயல்படப் பழகிவிடுகிறார்கள். அச்சம் போய்விடுகிறது என்று நான் சொல்லவில்லை. தேர்ந்த வீரர்களுக்கும் கை சில்லிடத்தான் செய்கிறது. நிறுத்தக் குரல் கேட்டதும் கோட்டுக்குத் திரும்பி, ஒரு மூச்சை நீளமாக வெளியேவிட்டு, எதிராளியைப் பார்ப்பது என்ற சிறிய செயலை அவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். ஒன்றரை அல்லது இரண்டு நிமிட ஆட்டத்துக்குள் அதற்கு வாய்ப்பு பலமுறை வரும். பொதுத்தேர்வுக் கூடத்திலும் நேர்முகத் தேர்விலும் இது உதவும் என்று பலர் சொல்கிறார்கள். உதவலாம், ஆனால் ஒரு களத்தில் பெற்ற நிதானம் தானாகவே இன்னொரு களத்துக்கு வந்துவிடும் என்று உறுதி சொல்ல நான் தயங்குவேன். ஒன்று மட்டும் தெளிவு: தெருவில் ஒருவன் வழிமறிக்கும்போது படபடப்பு என்றால் என்னவென்று அன்றுதான் முதன்முதலாக உணரும் பிள்ளையைவிட, அதை முன்பே அறிந்த பிள்ளை மேலான நிலையில் இருக்கும்.

கட்டுப்பாடு என்பது பெற்றோர் பெரும்பாலும் எதிர்பாராத பயன். கராத்தே போட்டி என்றால் ஓங்கி அடிப்பவர் வெல்வார் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உலகக் கராத்தே கூட்டமைப்பின் விதிப்படி, ஓர் உத்திக்குப் புள்ளி கிடைக்க நல்ல வடிவம், விளையாட்டுப் பண்பு, வேகமும் வலுவும், தாக்கியபின்னும் குலையாத விழிப்பு, சரியான நேரம், சரியான தூரம் ஆகிய ஆறும் அமைந்திருக்க வேண்டும். அளவுமீறிப் பட்டுவிட்டால் தண்டனை. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்ட் 7 அன்று, ஆண்களுக்கான 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் இறுதி ஆட்டத்தில் நடந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். சவூதி அரேபியாவின் தாரிக் ஹமேதி 4-1 என்று முன்னிலையில் இருந்தார். அவருடைய உதை ஒன்று பட்டு ஈரானின் சஜ்ஜாத் கஞ்ச்சாதே நினைவிழந்து விழுந்தார். தூக்குப்படுக்கையில் வெளியே கொண்டுசென்றார்கள். நடுவர்கள் கலந்துபேசி, அளவுமீறிய தாக்குதல் என்று ஹமேதியைத் தகுதிநீக்கம் செய்தார்கள். தங்கம் கஞ்ச்சாதேவுக்குப் போயிற்று. சவூதி அரேபியா அதுவரை ஒலிம்பிக் தங்கம் எதுவும் வென்றிருக்கவில்லை என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தத் தீர்ப்பின் எடை புரியும். விழுந்தவர் வெல்வதா என்று அன்று உலகெங்கும் விவாதம் நடந்தது. தீர்ப்பு சரியா என்பதில் வல்லுநர்களே உடன்படவில்லை. விதியின் நோக்கம் பற்றி ஐயமில்லை: முழு வேகத்தில் போகும் காலை, இலக்குக்கு மிக அருகில் கொண்டுபோய் அடக்கத் தெரிந்தவர்தான் கலையைக் கற்றவர். சிறுவர் பிரிவுகளில், தலைக்கும் முகத்துக்கும் வரும் உத்திகளைப் பொறுத்தவரை, இந்த விதி இன்னும் கடுமையானது. பதற்றத்தின் உச்சியில், தோற்றுக்கொண்டிருக்கும் நிலையில், கோபம் வரும்போதும் கையை அடக்கும் பயிற்சி நட்பான கூடத்தில் கிடைப்பதில்லை, ஏனென்றால் அங்கே அடக்குவதற்குக் கோபமே வருவதில்லை.

தோல்வியைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு பிரிவில் 32 பேர் இருந்தால், தோற்றவர் வெளியேறும் முறையில் 31 ஆட்டங்கள் நடக்கும். 31 தோல்விகள் பதிவாகும். தோற்காமல் வீடு திரும்புபவர் ஒரே ஒருவர். முதல் சுற்றிலேயே 16 பேர் தோற்றிருப்பார்கள். இறுதிக்குப் போனவர்களிடம் தோற்றவர்களுக்கு வெண்கலத்துக்காக மறுவாய்ப்பு தரும் முறை பல இடங்களில் உண்டு என்றாலும் கணக்கு பெரிதாக மாறாது. உங்கள் மகள் முதல் சுற்றில் தோற்பதற்கான வாய்ப்பு பாதிக்குப் பாதி என்பதை அவளுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். தோற்றபின் வண்டியில் வரும்போது ஆட்டத்தைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்க வேண்டாம். நடுவர் பாரபட்சம் காட்டினார் என்று அவள் காதுபடச் சொல்லவே வேண்டாம். அது உண்மையாக இருந்தாலும், அந்த வயதில் அதைப் பிடித்துக்கொண்டால் பதிவைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் வேலை நின்றுவிடும்.

பயிற்சிக்கு ஒரு தேதி குறிக்கப்பட்டால் ஒழுங்கு தானாக வருவதும், பிற மாவட்டப் பிள்ளைகளோடு நட்பு அமைவதும், மாஸ்டர்கள் ஒருவர் மாணவரை மற்றொருவர் பார்த்துத் தம் பாடத்தைத் திருத்திக்கொள்வதும் கூடுதல் பயன்கள். அவற்றை விரித்துரைக்கத் தேவையில்லை.

சான்றிதழ் பற்றிச் சற்றுக் கறாராகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பதும், பொறியியல் சேர்க்கையில் விளையாட்டுப் பிரிவு இருப்பதும் உண்மை. ஆனால் அவற்றுக்கு எந்தச் சான்றிதழும் செல்லாது. அரசு பட்டியலிட்ட விளையாட்டாக இருக்க வேண்டும், போட்டியை நடத்தியது அங்கீகாரம் பெற்ற சங்கமாக இருக்க வேண்டும், உரிய படிவத்தில் சான்று வழங்கப்பட்டிருக்க வேண்டும். கராத்தேயில் சங்கங்கள் பல, அங்கீகாரம் ஒன்றோ இரண்டோ. திருமண மண்டபத்தில் ஒரே நாளில் நடந்து முடியும் "சர்வதேசப் போட்டி"களை நானே கண்டிருக்கிறேன். மேடையில் ஆளுயரக் கோப்பைகள், நான்கே பேர் கொண்ட பிரிவுகள், பணம் கட்டிய எல்லோருக்கும் ஏதேனும் ஒரு பதக்கம், வெளிநாட்டிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் ஒரு விருந்தினர். அதில் வென்ற தங்கம் எந்த ஒதுக்கீட்டுக்கும் பயன்படாது. அதைவிடப் பெரிய கேடு, நான்கு பேரில் முதலாவதாக வந்ததை உலகச் சாதனை என்று பிள்ளை நம்பிவிடுவது. மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் ஒருமுறை நேரில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

போட்டிகளால் வரும் கேடுகளையும் மறைக்கக் கூடாது. விதிகள் கலையின் வடிவத்தையே மாற்றிவிடும். ஜூடோவில் காலைக் கையால் பிடித்து எறியும் உத்திகள் 2010இல் கட்டுப்படுத்தப்பட்டு, 2013இல் முற்றிலும் விலக்கப்பட்டன. அதன்பின் வந்த தலைமுறைக்கு அவற்றைத் தடுக்கவும் சரியாகத் தெரிவதில்லை. டேக்வாண்டோவில் மின்னணு மார்புக்கவசம் வந்தபிறகு, வலுவில்லாவிட்டாலும் உணரியைத் தொட்டுவிடும் முன்கால் உதைகள் பெருகின. புள்ளிக் கராத்தேயிலும் அடித்துவிட்டு உடனே திரும்பிக்கொள்ளும் பழக்கம் வரலாம். எனவே ஆண்டு முழுதும் போட்டிக்காகவே பயிலும் கூடத்தில் தற்காப்புப் பாடம் மெலிந்துபோகும் என்ற தாத்தாவின் கவலையில் நியாயம் உண்டு. ஆண்டுக்கு மூன்று நான்கு போட்டிகளுக்கு மேல் இந்த வயதில் தேவையில்லை.

எடை குறைப்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கீழ்ப்பிரிவில் இறங்கினால் பதக்கம் எளிது என்று பிள்ளையைப் பட்டினி போடவோ தண்ணீரைக் குறைக்கவோ யார் சொன்னாலும் அந்தக் கூடத்தை விட்டு வெளியேறுங்கள். 1997 இறுதியில் அமெரிக்காவில் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர், எடையைக் குறைப்பதற்காக வெப்பமான அறைகளில் நீர் வற்றும்படி உழைத்து, சில வார இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தார்கள். அதன்பிறகுதான் அங்கு வியர்வையைப் பெருக்க அணியும் ரப்பர் உடைகள் தடைசெய்யப்பட்டு, எடை பார்க்கும் நேரம் ஆட்டத்துக்கு அருகில் கொண்டுவரப்பட்டது. அவர்கள் வளர்ந்த இளைஞர்கள். உங்கள் மகள் வளரும் பருவத்தில் இருப்பவள். தலையில் அடிபட்டுத் தலைசுற்றல், வாந்தி, குழப்பம் போன்ற அறிகுறி ஏதேனும் தெரிந்தால் அன்று மீண்டும் களமிறங்கக் கூடாது, மருத்துவரிடம் காட்டிய பிறகே பயிற்சிக்கும் அனுப்ப வேண்டும். களத்தருகே மருத்துவர் இருக்கிறாரா, பற்கவசமும் கையுறையும் கட்டாயமா, வயதும் எடையும் பார்த்துப் பிரிக்கிறார்களா, அல்லது ஆள் குறைவு என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பதினைந்து வயதுப் பிள்ளையோடு சேர்த்துவிடுகிறார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள். கேட்டால் எரிச்சல்படும் அமைப்பாளரிடம் அனுப்ப வேண்டாம்.

கடைசியாகக் கட்டா பற்றிய கேள்வி. கட்டாவில் மட்டும் கலந்துகொள்வது தவறில்லை. முதல் போட்டிக்கு நானே அதைத்தான் பரிந்துரைப்பேன். தனியாக அரங்கின் நடுவே நின்று, கட்டாவின் பெயரைக் குரலெடுத்துச் சொல்லி, நடுவர்களின் பார்வைக்கு முன் ஒவ்வொரு அசைவையும் முடிப்பதில் அச்சத்தை எதிர்கொள்ளும் பாடம் முழுமையாகவே இருக்கிறது. முழங்கால் வளைவு போதவில்லை, திரும்பும்போது குதிகால் எழும்புகிறது என்ற குறைகளும் வெளிப்படும். ஆனால் எதிர்பாராத ஆளைச் சந்திக்கும் பாடமும், கோபத்தில் கையை அடக்கும் பாடமும் அதில் கிடைக்காது. சிலம்பத்திலும் இதே நிலைதான்: தனித்திறன் பிரிவில் கம்பு வீச்சு எவ்வளவு அழகாக இருந்தாலும், தொடுமுறைப் பிரிவில் எதிராளியின் கம்பு தன் உடலைத் தொடாமல் பார்த்துக்கொண்டு அவரைத் தொடுவது வேறொரு திறன் என்பதை ஆசான்கள் அறிவார்கள். எனவே இந்த ஆண்டு கட்டாவில் பெயர் கொடுங்கள். அதே வேளையில், அருகிலுள்ள இரண்டு மூன்று கூடங்களின் பிள்ளைகளைச் சேர்த்து, பார்வையாளர் கூட்டமோ கோப்பையோ இல்லாமல், முழுக் கவசத்தோடு ஒரு குமிதே நாளை நடத்த முடியுமா என்று மாஸ்டரிடம் கேளுங்கள். பெரும்பாலான மாஸ்டர்கள் ஒப்புக்கொள்வார்கள். அப்படி இரண்டு முறை நடந்தபின், குமிதேயில் இறங்க வேண்டுமா என்பதை உங்கள் மகளிடமே கேட்டு, அவள் சொல்லும் பதிலைத் தாத்தாவுக்கும் தெரியப்படுத்துங்கள்.